வெள்ளை ஈயை வெல்லும் விதை யாருடைய பொறுப்பு?

சோயா மொச்சைப் பயிர் இரண்டு காரணங்களால் மஞ்சளாகும். காய் முற்றி இலை உதிரும் பருவத்தில் வயல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாவது அறுவடையின் அறிகுறி. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, இளம் இலைகளில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகத் தோன்றி, பின்னர் செடி முழுவதும் வெளிறிப்போனால் அது மஞ்சள் தேமல் நோய். 2023 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் விதர்பா, மராத்வாடா பகுதிகளில் பெரும் பரப்பில் காணப்பட்டது இந்த இரண்டாவது மஞ்சள்தான். 1901-ஆம் ஆண்டு முதல் உள்ள பதிவுகளின்படி, இந்தியாவில் மிகக் குறைவாக மழை பெய்த ஆகஸ்ட் மாதம் அந்த ஆண்டில்தான் வந்தது. மழை விட்டுப்போனால் வெள்ளை ஈ பெருகும். வெள்ளை ஈ பெருகினால் மஞ்சள் தேமல் பரவும்.

அப்போது நடந்த விவாதங்கள் பெரும்பாலும் நிவாரணத் தொகையையும் பயிர்க் காப்பீட்டையும் சுற்றியே இருந்தன. அவை அவசியமானவையே. ஆனால், நோய் வந்த பிறகு கொடுக்கும் பணத்தைவிட, நோய் வராமல் தடுக்கும் விதை மலிவானது. அத்தகைய விதையை யார் உருவாக்குவது, யார் அதற்குச் செலவிடுவது என்ற கேள்வி தாவரவியலைப் போலவே பொருளாதாரத்தையும் சார்ந்தது. நான் எழுத முனைந்ததும் அதனால்தான்.

முதலில் பூச்சியைப் பற்றி. வெள்ளை ஈ என்பது உண்மையில் ஈ அல்ல. அசுவினி, தத்துப்பூச்சி ஆகியவற்றின் உறவினம். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள இது இலையின் அடிப்புறத்தில் தங்கி, ஊசி போன்ற வாயால் சாற்றை உறிஞ்சுகிறது. பெமிசியா டபாசி என்பது இதன் அறிவியல் பெயர். 1889-இல் கிரேக்க நாட்டுப் புகையிலைப் பயிரில் இது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இது, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்களின் தொகுப்பு என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக வளர மூன்று வாரங்கள் போதும். எனவே, ஒரு சோயாப் பருவத்திற்குள் பல தலைமுறைகள் பிறந்துவிடும்.

பூச்சிக்கொல்லிக்கு இது எளிதில் அடங்காததற்கும் காரணம் உண்டு. தெளிக்கும் மருந்து இலையின் மேற்புறத்தில் விழுகிறது. பூச்சி இருப்பதோ அடிப்புறத்தில். அதோடு, கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பூச்சி பிறக்கிறது. அதனிடம் இருப்பது ஒரே ஒரு மரபணுத் தொகுப்பு. மருந்தைத் தாங்கும் மரபணு இருந்தால் அது மற்றொன்றின் பின்னால் மறைந்திருக்க வழியில்லை, உடனே வெளிப்பட்டுவிடும். தாங்காதவை மடிகின்றன, தாங்குபவை பெருகுகின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லி மூலப்பொருள்களுக்கு எதிராக இந்தப் பூச்சி உலகின் ஏதேனும் ஒரு பகுதியில் எதிர்ப்புத்திறன் பெற்றுள்ளது. மருந்து தெளிக்கும்போது வெள்ளை ஈயை உண்டு வாழும் பொறிவண்டுகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அழிவதால், சில வாரங்கள் கழித்து முன்பைவிட அதிக எண்ணிக்கையில் அது திரும்பி வருவதும் உண்டு.

2015-இல் பஞ்சாபின் பருத்தி வயல்களில் வெள்ளை ஈ ஏற்படுத்திய பேரழிவு பலருக்கு நினைவிருக்கும். அங்கே பயிரிடப்பட்டிருந்தது பெரும்பாலும் பி.டி. பருத்தி. பி.டி. புரதம் காய்ப்புழுக்களைக் கொல்லும். சாறு உறிஞ்சும் பூச்சிகளை அது ஒன்றும் செய்வதில்லை. மரபணு மாற்றம் என்றாலே எல்லாப் பூச்சிகளுக்கும் தீர்வு என்ற எண்ணம் நம்மிடையே படித்தவர்களிடமும் பரவலாக இருக்கிறது. அதனால்தான் இதை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இந்தியச் சோயாவைப் பொறுத்தவரை, வெள்ளை ஈ உறிஞ்சும் சாறு பெரிய இழப்பல்ல. அது சுமந்துவரும் வைரஸ்தான் இழப்பு. நோயுற்ற செடியில் கால் மணி நேரம் சாறு குடித்தாலே வைரஸ் பூச்சியின் உடலுக்குள் சென்றுவிடும். குடல் சுவரைக் கடந்து, உடல் நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகு, அது அமரும் ஒவ்வொரு செடியிலும் நோயை ஏற்றிச் செல்லும் வாய்ப்பு உண்டு. விதைத்த முதல் மாதத்தில் நோய் தாக்கினால் விளைச்சலில் பெரும்பகுதி போய்விடும். காய் முற்றும் தறுவாயில் தாக்கினால் இழப்பு சொற்பம். மருந்து தெளிக்க வேண்டிய கட்டத்தை விவசாயி கண்ணால் உணர்வதற்குள், சில பூச்சிகளே வேலையை முடித்திருக்கும்.

இதே வைரஸ் குடும்பமும் இதே பூச்சியும்தான் நம் ஊர் உளுந்து, பாசிப்பயறு வயல்களை மஞ்சளாக்குகின்றன. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்தின் உளுந்து ரகங்கள் தமிழக விவசாயிகளிடம் பெற்ற வரவேற்புக்கு, மஞ்சள் தேமலை எதிர்க்கும் அவற்றின் ஆற்றல் ஒரு முக்கியக் காரணம். தமிழகத்தில் சோயாவின் பரப்பு மிகக் குறைவு. ஆனால், பயறு விதைப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

இனி செடியின் பக்கம் வருவோம். ஒரு பயிர் பூச்சியை எதிர்க்கிறது என்று சொல்லும்போது நாம் எதைக் குறிக்கிறோம்? அமெரிக்காவின் கான்சாஸைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரெஜினால்ட் பெயின்டர் 1951-இல் வெளியிட்ட நூலில் எதிர்ப்பை மூன்றாகப் பிரித்தார். பூச்சி அந்தச் செடியை விரும்பாமல் விலகிப்போவது ஒன்று. வந்து உண்டாலும் வளர முடியாமல், குஞ்சுகள் மடிவது அல்லது முட்டை குறைவது இரண்டாவது. பூச்சியும் வளர்கிறது, செடியும் பெரிய இழப்பின்றி விளைச்சல் தருகிறது என்பது மூன்றாவது. இதைத் தாங்குதிறன் என்கிறோம். வெள்ளை ஈயைப் பொறுத்தவரை நான்காவது ஒன்றையும் சேர்க்க வேண்டும்: பூச்சியைத் தடுக்காமல், அது கொண்டுவரும் வைரஸை மட்டும் தடுக்கும் எதிர்ப்பு.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியே இந்த வேறுபாட்டுக்கு என்ன மதிப்பு என்று தோன்றலாம். விவசாயியின் கணக்கில் நான்கும் ஒன்றுதான். அவருக்கு விளைச்சல் கிடைக்கிறது. ஆனால், வரப்புக்கு அப்பால் உள்ள வயலின் கணக்கு வேறு. தாங்குதிறன் மட்டுமே உள்ள ரகம், வெளியே பச்சையாகத் தெரிந்துகொண்டே உள்ளே வைரஸைச் சுமக்கலாம். அதில் பெருகும் ஈக்கள் அடுத்த வயலுக்கு நோயை எடுத்துச் செல்லும். தாங்குதிறன் கொண்ட விதையை விதைத்தவர் தப்பித்துக்கொள்கிறார். அவருடைய பக்கத்து வயல்காரர் விலை கொடுக்கிறார். மாறாக, ஈயை வளரவிடாத ரகமோ வைரஸைப் பெருகவிடாத ரகமோ விதைக்கப்பட்டால், அதை விதைக்காத அண்டை வயலுக்கும் நன்மை போய்ச் சேரும். பொருளாதார வகுப்பில் 'புறவிளைவு' என்ற சொல்லை விளக்க ஆலைப் புகையையும் தேனீ வளர்ப்பையும் உதாரணம் காட்டுவது மரபு. என் மாணவர்களுக்கு நானும் அவற்றையே பல ஆண்டுகள் சொன்னேன். வெள்ளை ஈ அவற்றைவிடப் பொருத்தமான உதாரணம்.

பிரேசில் இதற்குச் சான்று. அங்கே 1970-களில் சோயா சாகுபடி வேகமாக விரிந்தபோது, அந்நாட்டு மக்களின் அன்றாட உணவான பீன்ஸ் பயிரில் தங்கத் தேமல் என்ற வைரஸ் நோய் பெருகியது. சோயா வயல்கள் வெள்ளை ஈக்கு நாற்றங்காலாக அமைந்தன. சோயா முற்றியதும் ஈக்கள் பீன்ஸ் வயல்களுக்குப் பறந்தன. சோயா பயிரிட்டவருக்கு அன்று பெரிய இழப்பு இல்லை. இழப்பு பீன்ஸ் பயிரிட்ட சிறு விவசாயிக்கும், அதை வாங்கி உண்ட ஏழைக்கும். அப்படியானால், ஈயை வளர்க்காத சோயா ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் சோயா விவசாயிக்கு எங்கிருந்து வரும்? பின்னர் 1990-களில் வீரியம் மிக்க வேறொரு வகை வெள்ளை ஈ பிரேசிலுக்குள் நுழைந்து சோயாவையே நேரடியாகத் தாக்கத் தொடங்கியது. இலைகளில் தேன் போன்ற கழிவு படிந்து, அதன் மேல் கரும்பூசணம் வளர்ந்து, ஒளிச்சேர்க்கை தடைபட்டது. அதன் பிறகே சோயாவில் வெள்ளை ஈ எதிர்ப்பைத் தேடும் ஆராய்ச்சி அங்கே ஊக்கம் பெற்றது.

ஈயை விலக்கும் செடியை உருவாக்குவது எளிதன்று. இலையின் மேலுள்ள நுண்ணிய மயிர்களை எடுத்துக்கொள்வோம். மயிர் அடர்ந்த சோயா இலைகளில் வெள்ளை ஈ அதிக முட்டையிடுகிறது. மயிரற்ற இலைகளில் குறைவாக இடுகிறது. அப்படியானால், வழவழப்பான இலை கொண்ட ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதாதா? போதாது. மயிரற்ற சோயாவைத் தத்துப்பூச்சி கடுமையாகத் தாக்குகிறது என்பது அமெரிக்காவில் 1930-களிலேயே கண்டறியப்பட்டது. ஒன்றுக்குக் கதவைச் சாத்தினால் மற்றொன்றுக்குத் திறந்துவிடுகிறோம். மயிர் இருக்கட்டும், ஆனால் நிமிர்ந்து நிற்காமல் இலையோடு ஒட்டிப் படிந்திருக்கட்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் முயன்று பார்த்த ஒரு சமரசம்.

'விரும்பாமை' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சோதனைக் கூண்டில் பத்து ரகங்களை அருகருகே வைத்தால், ஈ தனக்குப் பிடித்ததை நாடிச் செல்லும். பிடிக்காத ரகம் 'எதிர்ப்புத்திறன் உள்ளது' என்ற பெயரைப் பெறும். ஆனால், மாவட்டம் முழுவதும் அந்த ஒரே ரகத்தை விதைத்தால் ஈக்கு வேறு போக்கிடம் இல்லை. பிடிக்காவிட்டாலும் அதிலேயே குடியேறும். பந்தியில் ஒரே கறி இருந்தால் அதைத்தான் உண்டாக வேண்டும். வைரஸ் சுமக்கும் பூச்சியில் இது இன்னும் விபரீதமாகலாம். பிடிக்காத செடியில் நிலைகொள்ளாமல் செடிக்குச் செடி தாவிக் குத்திப் பார்க்கும் ஈ, ஒரே செடியில் அமைதியாக அமர்ந்திருக்கும் ஈயைவிட அதிகச் செடிகளுக்கு நோயைப் பரப்பக்கூடும். ஆகவேதான், வேறு செடியே தராமல் ஒரே ரகத்தில் ஈயை அடைத்துவைத்து, அது எத்தனை முட்டையிடுகிறது, எத்தனை குஞ்சுகள் பிழைக்கின்றன என்று எண்ணும் சோதனையையும் சேர்த்தே செய்கிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. உருப்பெருக்கியின் கீழ் இலைகளைத் திருப்பித் திருப்பி எண்ண வேண்டும்.

இந்தியாவில் முயற்சி வேறு திசையில் சென்றது. நாம் பெரும்பாலும் ஈயை விட்டுவிட்டு வைரஸைத் தடுக்கும் வழியை நாடினோம். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஒத்துழைப்புடன் பந்த்நகரிலும் ஜபல்பூரிலும் சோயா ஆராய்ச்சி தொடங்கியபோது, பிராக், லீ முதலிய அமெரிக்க ரகங்கள் கொண்டுவரப்பட்டன. நல்ல விளைச்சல் தந்த அந்த ரகங்களுக்கு நம் நாட்டு மஞ்சள் தேமலை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. வட இந்தியச் சமவெளியில் சோயா நிலைபெறாமல், மத்தியப் பிரதேசத்தின் மால்வா பீடபூமிக்கு அதன் மையம் நகர்ந்ததற்கு இந்த நோயும் ஒரு காரணம்.

பந்த்நகர் ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான சோயா வகைகளை நோய் மிகுந்த சூழலில் விதைத்துச் சலித்தனர். எதிர்ப்புத்திறன் மிகச் சிலவற்றிலேயே தென்பட்டது. யு.பி.எஸ்.எம். 534 என்ற வகை அவற்றில் ஒன்று. கிளைசின் சோஜா எனப்படும் காட்டுச் சோயா மற்றொன்று. காட்டுச் சோயாவை வயலில் பார்த்தால் அது சோயா என்றே நம்ப மாட்டோம். கொடியாகப் படரும், விதை கறுத்துச் சிறுத்திருக்கும், காய் முற்றியதும் வெடித்துச் சிதறும். அதனிடமிருந்து வேண்டிய மரபணுவை மட்டும் எடுத்துக்கொண்டு வேண்டாதவற்றைக் கழிக்க வேண்டும்.

அது எப்படி நடக்கிறது? சோயாப் பூ மிகச் சிறியது. மலர்வதற்கு முன்பே தன் மகரந்தத்தால் கருவுற்றுவிடும். எனவே, மொட்டு நிலையிலேயே இடுக்கியால் இதழ்களை நீக்கி, மற்றொரு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். செய்தவற்றில் பல உதிர்ந்துவிடும். பிடித்த காயிலும் இரண்டு மூன்று விதைகளே இருக்கும். அந்த விதைகளை வளர்த்து, நல்ல ரகத்துடன் மீண்டும் மீண்டும் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நோய் தாங்காதவற்றைக் கழித்து, குணங்கள் நிலைபெறும் வரை ஆறேழு தலைமுறைகள் கடக்க வேண்டும். லூதியானா, பந்த்நகர் போன்று நோய் ஆண்டுதோறும் தவறாமல் வரும் இடங்களில் சோதனை வரிசைகளுக்கு இடையிடையே எளிதில் நோய்வாய்ப்படும் ரகத்தை வேண்டுமென்றே விதைக்கிறார்கள். அந்த வரிசை முற்றிலும் மஞ்சளாகி, அதன் பக்கத்தில் பச்சையாக நிற்கும் செடிதான் தேர்ச்சி பெற்றது. அதன் பிறகு பல மாநிலங்களில் மூன்றாண்டு ஒருங்கிணைந்த சோதனைகள். மரபணுக் குறியீடுகளின் துணையால் இன்று நாற்றுப் பருவத்திலேயே ஓரளவு தேர்ந்தெடுக்க முடிகிறது என்றாலும், முதல் கலப்பிலிருந்து விவசாயியின் கைக்கு விதை வர ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

வேண்டிய மரபணுவோடு வேண்டாதவையும் ஒட்டிக்கொண்டு வருவது இந்த வேலையின் நிரந்தரத் தலைவலி. அமெரிக்க அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஜப்பானிலிருந்து பெறப்பட்ட மூன்று சோயா வகைகள் இலை தின்னும் வண்டுகளை நன்கு எதிர்க்கின்றன என்று 1971-இல் அங்கே கண்டறிந்தனர். பின்வந்த பல பத்தாண்டுகளாக அவற்றைக் கொண்டு கலப்புகள் செய்யப்பட்டும், விவசாயிகளிடம் பரவலாகச் சென்ற ரகம் என்று சொல்லத்தக்கது எதுவும் வரவில்லை. எதிர்ப்புத்திறன் வந்தது, கூடவே குறைந்த விளைச்சலும் வந்தது. பூச்சி வராத ஆண்டிலும் ஒவ்வொரு மூட்டையிலும் சிறிது இழக்க விவசாயி ஏன் சம்மதிக்க வேண்டும்? மலிவான பூச்சிக்கொல்லி கையிலிருந்த அந்த நாட்டு விவசாயியின் முடிவில் தவறேதும் இல்லை.

நம் நாட்டிலும் இத்தகைய கணக்குதான் ரகங்களின் தலைவிதியைத் தீர்மானித்திருக்கிறது. ஜபல்பூர் ஜவாஹர்லால் நேரு வேளாண் பல்கலைக்கழகம் 1994-இல் வெளியிட்ட ஜே.எஸ். 335 என்ற ரகம் ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் இந்தியச் சோயாவை ஆண்டது. மஞ்சள் தேமலை அது தாங்காது என்று தெரிந்த பின்னரும் விவசாயிகள் அதைக் கைவிடவில்லை. அதன் விளைச்சல் அவர்களுக்குப் பழகிய ஒன்று. அடுத்துப் பரவிய ஜே.எஸ். 95-60 அதைவிட முன்னதாக, 85 நாள்களுக்குள் முற்றிவிடும். அதுவும் மஞ்சள் தேமலுக்கு எளிதில் இரையாகும். இருந்தும் மால்வா விவசாயிகள் அதை விரும்பினர். சோயா சீக்கிரம் வயலைவிட்டு நீங்கினால் உருளைக்கிழங்கோ பூண்டோ கொண்டைக்கடலையோ உரிய காலத்தில் விதைக்கலாம். ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்தக் குளிர்காலப் பயிரில் இருக்கும்போது, பத்து நாள்கள் என்பது பெரிய தொகை. விவசாயி நோய் எதிர்ப்பை மட்டும் தனியாக வாங்குவதில்லை. விளைச்சல், வயது, விதையின் முளைப்பு எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகிறார். அதே பல்கலைக்கழகம் பின்னர் வெளியிட்ட ஜே.எஸ். 20-29, ஜே.எஸ். 20-69 போன்ற ரகங்களில் மஞ்சள் தேமல் எதிர்ப்பு உண்டு. அவற்றின் பரவல், நோயைப் பொறுத்து மட்டுமன்றி இந்த மற்றக் கணக்குகளையும் பொறுத்தே அமையும்.

இவ்வளவு பயனுள்ள விதையைத் தனியார் நிறுவனங்கள் ஏன் முந்திக்கொண்டு உருவாக்குவதில்லை? பூவின் அமைப்பே விடை. தன் மகரந்தத்தால் கருவுறும் பயிரில் விளைந்த மணி தாயின் குணத்தை மாறாமல் கொண்டிருக்கும். ஒருமுறை வாங்கிய விதையை விவசாயி அடுத்த ஆண்டும் விதைக்கலாம். உறவினருக்கும் அண்டை வயல்காரருக்கும் கொடுக்கலாம். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 இந்த உரிமையை வெளிப்படையாகவே அளிக்கிறது; வணிகப் பெயரிட்டு விற்கக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. அந்த உரிமை தொடர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால், அதன் விளைவை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். கலப்பினப் பருத்தியில் ஆண்டுதோறும் விதை விற்கும் நிறுவனத்துக்கு ஆராய்ச்சிச் செலவு திரும்பி வருகிறது. சோயாவில் அது திரும்பி வராது. எதிர்ப்புத்திறனின் பயனில் ஒரு பகுதி விதை வாங்காத பக்கத்து வயலுக்கும் போகிறது என்பதை முன்பே பார்த்தோம். விற்க முடியாத பயனைச் சந்தை உற்பத்தி செய்யாது. பூச்சிக்கொல்லியோ ஒவ்வொரு பருவத்திலும், சில வேளைகளில் பருவத்தில் மூன்று நான்கு முறையும் விற்கும் பொருள். ஆராய்ச்சிக்கான தனியார் முதலீடு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆக, இது இந்தூரில் உள்ள தேசியச் சோயா ஆராய்ச்சி நிறுவனமும் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களும் பொதுப்பணத்தில் செய்தாக வேண்டிய பணி.

விதையை உருவாக்கிய பிறகும் அது எளிதில் பெருகுவதில்லை. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 70 கிலோ சோயா விதை தேவை. நம் நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவில்தான் இருக்கிறது. விதைப் பயிரைச் சற்று கவனமாகப் பராமரித்து ஒன்றுக்குப் பதினைந்து கிடைப்பதாகக் கொள்வோம். வல்லுநர் விதை 1 குவிண்டாலில் தொடங்கினால் முதலாண்டு 15, இரண்டாமாண்டு 225, மூன்றாமாண்டு 3,375 குவிண்டால். அது ஏறத்தாழ 4,800 ஹெக்டேருக்குப் போதும். நாட்டின் சோயாப் பரப்போ ஏறத்தாழ 1.2 கோடி ஹெக்டேர். பத்தாயிரத்தில் நான்கு பங்கு! இதுவும் விதை முழுவதும் முளைத்தால்தான். சோயாவின் விதைத்தோல் மெல்லியது; கதிரடிப்பு இயந்திரத்தில் அடிபட்டாலோ, மூட்டையைத் தூக்கிப் போட்டாலோ முளைப்புத்திறன் குறையும். சான்று பெற்ற விதைக்கு 70 சதவீத முளைப்பு இருந்தால் போதும் என்று விதி வகுத்திருப்பதே இந்தப் பலவீனத்தை ஒப்புக்கொண்டுதான். ரகம் வெளியிடப்படும் விழாவுக்கும் வயலில் விதை விழுவதற்கும் இடையிலான தூரம் நெல்லைவிடச் சோயாவில் பல மடங்கு அதிகம்.

2023-24 பருவத்துக்கான சோயாவின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,600 ரூபாய். ஹெக்டேருக்கு ஒரு டன் விளைந்து, அந்த விலையும் முழுமையாகக் கிடைத்தால், மொத்த வரவு 46,000 ரூபாய். விதை, உரம், உழவு, களையெடுப்பு, அறுவடைக் கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதில் ஒவ்வொரு மருந்துத் தெளிப்பும் லாபத்தை நேரடியாகக் கரைக்கிறது. விதைக்குள் இருக்கும் எதிர்ப்புக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. இரண்டு ஏக்கர்காரருக்கும் இருபது ஏக்கர்காரருக்கும் அது ஒரே அளவில் பயன்படும். தன் உணவு எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் ஒரு நாடு இதை விவசாயியின் தனிப்பட்ட பிரச்சினையாக மட்டும் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரே மரபணுவை நம்பிய எதிர்ப்பை வைரஸ் எப்போது வேண்டுமானாலும் முறியடிக்கலாம். இந்த வைரஸ்கள் தமக்குள் மரபுப்பொருளைப் பரிமாறிக்கொள்ளும் இயல்புடையவை. வட, மத்திய இந்தியாவில் பெருமளவு காணப்படும் வகையும் தென்னிந்தியாவில் காணப்படும் வகையும் ஒன்றல்ல. ஓரிடத்தில் தேர்ச்சி பெற்ற ரகம் மற்றோரிடத்தில் மஞ்சளாகலாம். வைரஸைத் தடுக்கும் மரபணுவும் ஈயை வளரவிடாத குணமும் ஒரே செடியில் சேர்ந்தால், ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று நிற்கும். இந்தியாவில் முதலாவதில் நல்ல அனுபவம் இருக்கிறது. சாவோ பாவ்லோ மாநிலத்தின் கம்பினாஸ் வேளாண் நிறுவனம் போன்ற பிரேசில் ஆய்வு மையங்களுக்கு இரண்டாவதில் அனுபவம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கலப்புத் திட்டங்கள் இங்கே வலுப்பெற வேண்டும். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் பெரணி ஒன்றிலிருந்து எடுத்த மரபணுவைப் பருத்தியில் செலுத்தி, அது வெள்ளை ஈயைக் கொல்வதை 2016-இல் வெளியிட்டது. ஆனால், மரபணு மாற்றப் பயிர்களுக்கான அனுமதி நம் நாட்டில் எப்போது, எப்படி வரும் என்பது தனிக் கதை. அதற்காகக் காத்திருந்து வழக்கமான கலப்பு முறையைக் கைவிடுவது விவேகமாகாது.

நடைமுறையில் முதலில் மாற வேண்டியது மதிப்பெண் முறை. ரகங்களைச் சோதிக்கும்போது விளைச்சலையும் இலையின் மஞ்சள் அளவையும் குறிக்கிறோம். இலைக்கு எத்தனை குஞ்சுகள் வளர்ந்தன, பச்சையாக நிற்கும் செடிக்குள் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பவற்றுக்கும் மதிப்பெண் தர வேண்டும். தாங்குதிறன் மட்டும் உள்ள ரகத்தையும் உண்மையான எதிர்ப்பு உள்ள ரகத்தையும் அப்போதுதான் பிரித்தறிய முடியும். அண்டை வயலுக்கும் பயன் தருவதற்கு முன்னுரிமை அளிக்க முடியும். அத்தகைய ரகம் கிடைத்த பிறகு, அதன் விதைப் பெருக்கத்துக்கான நிதியை ஆராய்ச்சித் திட்டத்தின் தொடர்ச்சியாகவே மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒதுக்க வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூலம் ஓர் ஊரின் வயல்களை ஒட்டுமொத்தமாக ஒரே பருவத்தில் புதிய ரகத்துக்கு மாற்றினால், வெள்ளை ஈக்குத் தங்குமிடம் குறையும். சிதறலாக அங்கொரு வயலும் இங்கொரு வயலுமாக விதையைப் பகிர்ந்தளிப்பதில் அந்தப் பயன் கிட்டாது. பருவமழை மால்வாவைத் தொடுவது ஜூன் மாதத்தில்; அதற்கான விதை மார்ச்சுக்குள் முளைப்புச் சோதனை முடிந்து கிடங்கில் இருந்தாக வேண்டும்.